கையெழுத்து யார் போடுவது? வேலூர் ஐசியூவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

வந்த நிலை

67 வயது ஆண். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் ஒடுகத்தூரைத் தாண்டி, மலையடிவாரம். பல வருடமாகச் சர்க்கரை, பீடிப் பழக்கம் வேறு. விடிகாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர் நெஞ்சை அடைக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். கை கால் இழுத்தது. மூச்சு விட்டு விட்டு வாங்கியது. வலிப்பு என்று நினைத்த வீட்டார் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். இதயம் நின்று மூளைக்கு ரத்தம் போகாதபோது வரும் இழுப்பும் திணறல் மூச்சும் பார்ப்பவர்களுக்கு வலிப்பு போலத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்க்க ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை யாரும் நெஞ்சை அழுத்தவில்லை.

அங்கேதான் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிபிஆர் தொடங்கியது. மானிட்டரில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்: இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் தாறுமாறாகத் துடிக்கும் நிலை. மூன்று முறை மின் ஷாக், அட்ரினலின், அமியோடரோன் மருந்துகள். நாடி திரும்பியபோது அவர் விழுந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மூச்சுக்குழாய் போட்டு 108-இல் வேலூருக்கு அனுப்பினார்கள். ஈசிஜியில் இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு தெரிந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அன்று காலையே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் பிழைத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, நெஞ்சின் நடுவில் வேகமாக, ஆழமாக அழுத்தினால் போதும் என்ற எளிய முறையை மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் முன்னின்று நாடெங்கும் சொல்லிக்கொடுத்து வருகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாமல். ஒடுகத்தூர் சந்தையிலும் அணைக்கட்டுப் பள்ளிகளிலும் அது பழக்கமாகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது.

ஐசியூவில் நான்கு நாட்கள்

முதல் நாள்: கண் திறக்கவில்லை, வலி கொடுத்தாலும் அசைவில்லை. கண்மணிகள் வெளிச்சத்துக்கு மெதுவாகச் சுருங்கின. காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டோம், ரத்த அழுத்தத்தை நோரட்ரினலினால் தாங்கினோம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தினோம். இரண்டாம் நாள் உடல் முழுக்கத் துடிப்பு, நிற்காமல். மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியில் கொஞ்ச நேரம் அலை, பிறகு வெறும் கோடு, மறுபடி அலை. வலிப்பு மருந்துகள் கொடுத்தும் அடங்கவில்லை. புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைக் கூட்டியதும் துடிப்பு நின்றது, ஆனால் அலை தேறவில்லை. இரண்டாம் நாள் இரவோடு மயக்க மருந்துகளை முழுக்க நிறுத்தினோம்.

இப்படிப்பட்ட நோயாளியின் மூளை தேறுமா என்று 72 மணி நேரத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஐரோப்பிய உயிர்ப்பித்தல் கவுன்சிலும் ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. அதுவும் ஒரே ஒரு சோதனையை நம்பி அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்களாவது மோசமாக இருக்க வேண்டும். மயக்க மருந்தோ சிறுநீரகக் கோளாறோ படத்தைக் குழப்பவில்லை என்பதும் உறுதியாக வேண்டும். அவசரப்பட்டு 'இனி ஒன்றுமில்லை' என்று சொல்லப்பட்டு, பிறகு எழுந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த 72 மணி நேரம் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டது.

நான்காம் நாள் காலை, எல்லா மருந்தும் உடலைவிட்டு வெளியேறப் போதிய நேரம் கொடுத்த பின் பார்த்தோம். கண்மணி இரண்டும் வெளிச்சத்துக்கு அசையவில்லை. கருவிழியைத் தொட்டால் இமைக்கவில்லை. வலிக்குக் கைகள் உள்ளே முறுக்கி நீண்டன. சிடியில் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலான எல்லை அழிந்திருந்தது. மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளையின் மேற்பரப்பில் வர வேண்டிய சமிக்ஞை இரு பக்கமும் வரவில்லை. இஇஜி மாறவில்லை. ஆனால் குழாயில் சளி உறிஞ்சும்போது லேசாக இருமினார். வென்டிலேட்டரை அவரே தூண்டி மூச்சும் இழுத்தார்.

அந்த மூச்சு இருந்ததால்தான் குடும்பத்தோடு நடந்த பேச்சு கடினமாயிற்று.

குடும்பம் கேட்டது

மனைவி, லாரி ஓட்டும் மூத்த மகன், ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள், நோயாளியின் தம்பி. இளைய மகன் ராணுவத்தில், ஜம்மு பக்கம். வேலூர் மாவட்டத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. ஐசியூ வாசலில் இப்படி ரயிலில் வந்துகொண்டிருக்கும் மகனுக்காகக் காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்.

"மூளைச்சாவுன்றாங்களே, அதுவா டாக்டரம்மா?" என்று மூத்த மகன் கேட்டார். உறுப்புதானத்தால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. இல்லை என்றேன். மூளைச்சாவு என்றால் மூளைத்தண்டும் செத்துவிட்டது, தானாக ஒரு மூச்சும் வராது. 1994-ஆம் வருடச் சட்டப்படி ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளித்தால் அது மரணம். உங்கள் அப்பாவுக்கு மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, நினைவையும் பேச்சையும் தரும் மேல் மூளை போய்விட்டது என்று விளக்கினேன்.

"அப்போ நைனா எங்கள அடையாளம் கண்டுக்க மாட்டாரா?"

"மாட்டார்ப்பா."

மகள் அழுதார். அம்மா அழவில்லை. நோயாளியின் தம்பிதான் முதலில் வாய் திறந்தார். "மேடம், நாங்க கையெழுத்து போட்டுட்டு அண்ணன இட்டுகினு போயிடறோம். உசுரு வீட்ல போவட்டும்."

எந்தக் கையெழுத்து?

அவர் சொன்னது மருத்துவர் ஆலோசனையை மீறி வீட்டுக்குப் போகிறோம் என்ற படிவம். நம் நாட்டு ஐசியூக்களில் வேலை பார்த்த எவருக்கும் அந்தத் தாள் தெரியும். தேற வழியில்லை என்று மருத்துவர் மனதுக்குத் தெரியும். ஆனால் வென்டிலேட்டரை நிறுத்தலாம் என்று எழுதினால் வழக்கு வருமோ என்ற பயம். குடும்பத்துக்கும் தெரியும்; கையில் பணமும் கரைந்திருக்கும். கடைசியில் குடும்பமே 'எங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று எழுதிக்கொடுக்கும். ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சுக் கொடுக்கும் பையை அழுத்தியபடி வருவார், வீட்டு வாசலில் குழாய் உருவப்படும். வலியும் திணறலும் தணிக்க மார்ஃபின் இருக்காது, சளியை உறிஞ்ச ஆள் இருக்காது. மூச்சுத்திணறலோடு அப்பா சாவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால் பல வருடம், நாம்தான் கொண்டுவந்து கொன்றோமோ என்று அந்தத் தம்பி தூங்காமல் கிடப்பார்.

மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அந்தத் தாளில் குடும்பத்தின் தலையில் இறங்குகிறது. எனக்கு இதில் எப்போதும் கோபம் உண்டு. இந்தப் பாரத்தை மருத்துவர் பக்கம் திருப்பி வைக்க இருபது வருடம் உழைத்தது ஒரு தொழில்முறைச் சங்கம். இந்த நிகழ்வை எழுத நான் உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

சங்கம் வந்த வழி

இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 1993 அக்டோபர் 9-இல் மும்பையில் தொடங்கியது. ஐசியூ என்பது தனித் துறை என்றே பலர் ஏற்காத காலம். அறுவை சிகிச்சை நிபுணரோ இதய மருத்துவரோ காலையில் எட்டிப்பார்த்துவிட்டுப் போவார். மீதி நேரம் பணி மருத்துவர் சமாளிப்பார். சங்கம் பட்டயப் படிப்பு நடத்தியது, ஆய்விதழ் கொண்டுவந்தது, ஐசியூ எப்படிக் கட்ட வேண்டும், ஆன்டிபயாடிக் மருந்துகளை எப்படித் தேர்வது, வெப்பமண்டலக் காய்ச்சலுக்கு எதை முதலில் கொடுப்பது என்று வழிகாட்டுதல்கள் எழுதியது. அரசு அங்கீகாரப் பட்டங்களில் இடம் மிகக் குறைவாக இருந்த நாளில் மாவட்டத் தலைநகர்களின் ஐசியூக்களுக்கு ஆள் கொடுத்ததில் அந்தப் பட்டயத்துக்குப் பங்கு உண்டு.

இவையெல்லாம் எந்தச் சங்கமும் செய்யக்கூடியவை. 2005-இல் செய்ததுதான் துணிச்சல். பலன் தராத சிகிச்சையைக் கட்டுப்படுத்தி, வலி நீக்கும் பராமரிப்புக்கு மாறுவது எப்படி என்று அந்த வருடம் ஒரு நிலைப்பாட்டை அச்சிட்டது. சட்டம் அப்போது இதைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. அதே 2005-இல்தான் காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு கண்ணியமாக இறக்கும் உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. மருத்துவ அலட்சியம் என்றால் என்ன என்பதை ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்ததும் அதே வருடம்: தொழிலில் ஏற்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றிய மருத்துவர் மேல் அலட்சியக் குற்றம் சுமத்த முடியாது. அப்படியானால் ஏற்கப்பட்ட நடைமுறை எது என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவருக்கு அந்த எழுத்து எவ்வளவு பெரிய துணை என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

2012-இல் நிலைப்பாட்டைத் திருத்தினார்கள். 2014-இல், வலியும் வேதனையும் தணிக்கும் மருத்துவத்துக்கான இந்திய நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தோடு சேர்ந்து கூட்டாக எழுதினார்கள். 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதையும், நினைவிழந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்பே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் சட்டப்படி ஏற்றது. எல்லோரும் கொண்டாடினோம். நடைமுறையைப் படித்ததும் சோர்ந்துபோனோம். 20 வருட அனுபவமுள்ள நிபுணர்களைக் கொண்ட முதல் குழு. பிறகு மாவட்ட ஆட்சியர் அமைக்கும் இரண்டாம் குழு. பிறகு முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நேரில் வந்து நோயாளியைப் பார்த்து அனுமதி தர வேண்டும். ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் ஒரே சத்துவாச்சாரியில் இருக்கிற வேலூரிலேயே இது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஜவ்வாது மலைக்குக் கீழே ஒரு சின்ன மருத்துவமனைக்கு எப்படி முடியும்?

2019-இல் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் திருத்த மனு போட்டது. கட்டணம் கூட்டிக் கேட்கவோ பதவி கேட்கவோ இல்லை. நோயாளி நிம்மதியாகச் சாக நடக்கக்கூடிய ஒரு வழி கேட்டு. 2023 ஜனவரி 24-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு விதிகளைத் தளர்த்தியது. முதல் குழுவில் சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் போதும். இரண்டாம் குழுவை மருத்துவமனையே அமைக்கலாம். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். இரு குழுக்களும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நடுவரின் அனுமதி தேவையில்லை, நிறைவேற்றும் முன் தகவல் தெரிவித்தால் போதும். விருப்ப ஆவணத்துக்கு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரின் சான்று போதும். 2024-இல் இரு சங்கங்களும் புதிய சட்டத்துக்கு ஏற்ற படிப்படியான நடைமுறையை வெளியிட்டன. அது எங்கள் பிரிவில் அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது.

இந்த நோயாளிக்கு நடந்தது

தம்பியிடம் சொன்னேன்: "ஐயா, நீங்க கையெழுத்து போட்டுக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்லை. இந்த முடிவ நாங்க எடுத்து எங்க பேர்ல எழுதறோம். உங்க சம்மதம் வேணும், அவ்வளவுதான். அவர வீட்டுக்கு அனுப்பற ஏற்பாட்டையும் நாங்களே பார்க்கறோம்."

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தாமாகப் பொறுப்பேற்பதை அவர் பார்த்ததில்லை போலும். "பின்னாடி போலீஸ் கேசு ஆவாதே?" என்று இரண்டு முறை கேட்டார்.

விருப்ப ஆவணம் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நிலையிலும் இதே நடைமுறைதான், நெருங்கிய உறவினர் சம்மதத்தோடு. ஐந்தாம் நாள் முதல் குழு கூடியது: நான், நரம்பியல் மருத்துவர், இதய மருத்துவர். இதய மருத்துவருக்குத் தயக்கம் இருந்தது. அவர் வைத்த ஸ்டென்ட் நன்றாக வேலை செய்கிறது. சமிக்ஞைச் சோதனையைத் தன் கண்ணெதிரே மறுபடி செய்யச் சொன்னார். செய்தோம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். குழு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

இரண்டாம் குழுவில்தான் சிக்கல். தீர்ப்பு சொல்லும் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் என்ற பதவிப் பெயர் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார். அவரை அதற்கு நிகராகக் கொண்டு கடிதம் எழுதினோம். நியமனம் வந்து, முதல் குழுவில் இல்லாத வேறு இரு நிபுணர்களும் சேர்ந்து நோயாளியைப் பார்க்க ஆறாம் நாள் மாலை ஆனது. அதற்குள் இளைய மகனும் காட்பாடியில் இறங்கி நேராக வந்துவிட்டார். சீருடைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். நான் முதலிலிருந்தே சொன்னேன். இரு குழுக்களின் முடிவும் குடும்பச் சம்மதமும் நடுவருக்குத் தகவலாகப் போயின.

ஏழாம் நாள் காலை. மானிட்டர் திரையை அணைத்தோம், நோரட்ரினலினை நிறுத்தினோம். மார்ஃபினும் பதற்றம் தணிக்கும் மிடசோலமும் சிறு அளவில் தொடங்கி, முகம் சுளிக்கிறாரா, மூச்சு வேகமெடுக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டினோம். சளி சேராமல் இருக்க கிளைக்கோபைரோலேட். வென்டிலேட்டரின் உதவியைப் படிப்படியாகக் குறைத்து, திணறல் இல்லை என்று உறுதியான பின் குழாயை எடுத்தோம். அந்த அம்மா நெற்றியில் விபூதி வைத்தார். பால் ஊற்றலாமா என்று கேட்டார். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொன்னார் செவிலியர். எல்லோரும் முறை வைத்துத் தடவினார்கள்.

இரண்டு மணி நேரம் கவனித்தோம். மூச்சு சீராக இருந்தது. தோலுக்கடியில் மார்ஃபின் செலுத்தும் ஊசியோடு, ஒரு செவிலியர் துணையோடு ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பினோம். இது மீறிப் போன வெளியேற்றம் இல்லை. திட்டமிட்ட அனுப்புதல் என்று வெளியேற்றச் சுருக்கத்தில் எழுதினோம். 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு மார்ஃபின் வழங்குவது எளிதானதால்தான் இது முடிந்தது. வீட்டில் நேரும் இறப்புக்கு உரிய காரணச் சான்று படிவம் 4ஏ. அது பிறகு சிக்கலாகாமல் இருக்க உள்ளூர் மருத்துவரிடம் முன்பே பேசிவைத்தோம். மறுநாள் காலை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அன்று மதியம் நோயாளி இறந்தார். திணறல் இல்லை என்று மகள் போனில் சொன்னார்.

ஆய்வு

மருத்துவத் தீர்ப்பு இதில் கடினமில்லை. நான்கு அடையாளங்களும் ஒரே திசையில் இருந்தன. காலம் போனது காகித வேலையில். முதல் குழு கூடியதிலிருந்து குழாய் எடுத்தது வரை ஏறத்தாழ இரண்டு நாள், தீர்ப்பு எதிர்பார்க்கும் கெடுவுக்குள்தான். ஆனால் இது ஊழியர் பலமுள்ள, நரம்பியல் சோதனை வசதியுள்ள இடம். குடியாத்தத்திலோ திருப்பத்தூரிலோ நான்கு கட்டில் ஐசியூ வைத்திருப்பவர் இரண்டாம் குழுவுக்கு ஆட்களை எங்கே தேடுவார்? சங்கத்தின் நகரக் கிளைகள் இதில் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாவட்டத்துக்கு ஒரு நிபுணர் பட்டியலை வைத்துக்கொண்டு, சின்ன மருத்துவமனை அழைத்தால் ஆள் அனுப்புவது கிளையால் முடியும். மத்திய அமைப்பு நீதிமன்றத்தில் வாங்கித் தந்ததை வாணியம்பாடிக்குக் கொண்டு சேர்ப்பது கிளையின் கையில்தான் இருக்கிறது.

சங்கத்தின் வழிகாட்டுதல் சட்டமாகாது. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. உறுப்பினராகாத மருத்துவமனையை அது ஒன்றும் செய்ய முடியாது. அரசுதான் பதவிப் பெயர்களைத் தெளிவாக்கி, நியமிக்கப்படும் மருத்துவர்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கர்நாடகம் 2025 ஜனவரியில் அப்படி ஓர் உத்தரவு போட்டது. மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2024-இல் வரைவு வழிகாட்டுதலைக் கருத்துக்கு வைத்தது. சங்கம் இங்கேயும் 2019-இல் காட்டிய பிடிவாதத்தைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று மொழி. நிலைப்பாடுகள், படிவங்கள், தீர்ப்பு எல்லாம் ஆங்கிலத்தில். 'பின்னாடி கேசு ஆவாதே' என்று கேட்டவர் கையில் கொடுக்க என்னிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு பக்கத் தமிழ்த் தாள் எழுதியிருக்கிறோம். அதில் உள்ள கேள்விகள் குடும்பங்கள் உண்மையில் கேட்பவை: கருவியை எடுத்தால் வலிக்குமா? போலீஸ் வருமா? ஊசி போட்டுக் கொல்கிறீர்களா? வீட்டுக்கு அனுப்புவீர்களா? சொந்தக்காரர்களில் ஒருவர் ஒப்பவில்லை என்றால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு எழுதிய பதில் இன்னும் திருப்தியாக இல்லை. உறவுகளுக்குள் கருத்து பிரிந்தால் சிகிச்சையைத் தொடர்ந்தபடி மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்றுதான் இப்போது இருக்கிறது. எத்தனை முறை, யார் முன்னிலையில் என்பதைக் கிளையின் அடுத்த கூட்டத்தில் வைத்து, நோய்த்தணிப்பு மருத்துவர்களோடும் ஒரு வழக்கறிஞரோடும் சேர்ந்து முடிவு செய்யக் கேட்டிருக்கிறோம்.